இரண்டெழுத்து முன்னொட்டு பிறந்த கதை

1975இல் பெல் லேப்ஸ் வெளியிட்ட ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் கெர்னல் நிரல் பெரும்பாலும் இரண்டு டைரக்டரிகளில் அடங்கியிருந்தது. ஒன்றின் பெயர் ‘கென்’, மற்றதன் பெயர் ‘டிஎம்ஆர்’. எழுதியவர்களின் பெயர்களே அவை: கென் தாம்சன், டென்னிஸ் மெக்கலிஸ்டேர் ரிட்சி. வன்பொருளோடு பேசுகிற டிரைவர்கள் ரிட்சியின் டைரக்டரியில் இருந்தன. அதைத் திறந்தால் இரண்டு ஆங்கில எழுத்துகளாலான பெயர்கள் வரிசையாகக் கண்ணில் படும்: ஆர்கே, ஆர்எஃப், டிஎம், கேஎல், எல்பி, பிசி. டெக் நிறுவனம் தன் பிடிபி-11 கணினியோடு விற்ற துணைக்கருவிகளின் சுருக்கப் பெயர்கள் அவை. ஆர்கே என்றால் ஆர்கே11 கன்ட்ரோலரும் அதன் வட்டும். கேஎல் என்றால் டெர்மினல் இணைப்பு, எல்பி என்றால் லைன் பிரின்டர், பிசி என்றால் காகித நாடா படித்துத் துளையிடும் கருவி.

ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அதே இரண்டெழுத்து எல்லாவற்றின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டெர்மினல் டிரைவரில் ‘கேஎல்ஓப்பன்’, ‘கேஎல்குளோஸ்’, ‘கேஎல்ரீட்’, ‘கேஎல்ரைட்’. வட்டு டிரைவரில் ‘ஆர்கேஸ்ட்ராட்டஜி’, ‘ஆர்கேஇன்டர்’, ‘ஆர்கேடேப்’. இன்றைக்கு லினக்ஸ் கெர்னலில் டிரைவர் எழுதுகிறவர் தன் சிப்பின் பெயரை எழுதி, அடிக்கோடு போட்டு, அதன்பின் ‘புரோப்’ என்றோ ‘ரிமூவ்’ என்றோ எழுதுகிறார் அல்லவா, அந்தப் பழக்கத்தின் வேர் இந்த டைரக்டரியில்தான் இருக்கிறது. அழகுக்காக வந்த பழக்கம் இல்லை அது. வேறு வழி இல்லாததால் வந்தது.

கெர்னல் என்பது முடிவில் ஒரே ஒரு நிரல். நூறு கோப்புகளாக எழுதினாலும் லிங்க்கர் அவற்றைச் சேர்த்து ஒரே உருவமாக்குகிறது. சேர்க்கும்போது எல்லாக் கோப்புகளின் குளோபல் பெயர்களும், ஃபங்ஷனானாலும் மாறியானாலும், ஒரே பட்டியலில் விழுகின்றன. வட்டு டிரைவரும் பிரின்டர் டிரைவரும் தத்தம் ஃபங்ஷனுக்கு வெறுமனே ‘ஓப்பன்’ என்று பெயர் வைத்தால் எதைக் கூப்பிடுவது என்று லிங்க்கருக்குத் தெரியாது. ஒரே வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால் வருகைப் பதிவேட்டில் ஆர்.செந்தில், கே.செந்தில் என்று இனிஷியல் போட்டுப் பிரிப்பதைப் போல, டெக்கின் இரண்டெழுத்தே டிரைவருக்கு இனிஷியல் ஆயிற்று.

இனிஷியல் முன்னால்தான் வர வேண்டும் என்பதற்கு ஒரு கறாரான காரணமும் இருந்தது. அன்றைய பிடிபி-11 சி கம்பைலர் ஒரு வெளிப்பெயரின் முதல் ஏழு எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. குறியீட்டு அட்டவணையில் ஒரு பெயருக்கு எட்டு இடம். அதில் முதல் இடத்தைக் கம்பைலர் சேர்க்கும் அடிக்கோடு பிடித்துக்கொள்ளும். ‘ஸ்ட்ராட்டஜி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கே எட்டு எழுத்து. கருவியின் பெயரை அதன் வாலில் ஒட்டியிருந்தால் ஏழாவது எழுத்தோடு வால் வெட்டுப்பட்டு எல்லா வட்டு டிரைவர்களும் ஒரே பெயரில் வந்து நின்றிருக்கும். தலையில் ஒட்டியதால், பின்பாதி அறுந்தாலும் ஆர்கே வேறு, ஆர்எஃப் வேறு என்று பிரிந்து நின்றது. 1978இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் பின்னிணைப்பில் இந்த வரம்புகளுக்கென ஒரு சிறு அட்டவணை உண்டு. பிடிபி-11க்கு ஏழு எழுத்து; ஹனிவெல் 6000 கணினிக்கு ஆறே எழுத்து, அதிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. 1989இல் வந்த ஆன்சி தரநிர்ணயமும் வெளிப்பெயருக்கு அந்த ஆறு எழுத்துக்கு மேல் உத்தரவாதம் தரவில்லை. 31 எழுத்துகள் கிடைக்க 1999 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்ட்ரக்ட் உறுப்புகளும் அன்று இதே நெரிசலில்தான் இருந்தன. அந்தக் காலச் சி மொழியில் எல்லா ஸ்ட்ரக்ட்களின் உறுப்புப் பெயர்களும் ஒரே தொகுப்பில் கிடந்தன. எந்த ஸ்ட்ரக்டைச் சுட்டுகிறோம் என்பதைக் கம்பைலர் சரிபார்க்காது. உறுப்பின் பெயரைப் பார்த்து அது எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று மட்டும் கண்டுபிடிக்கும். ரிட்சியின் வட்டு டிரைவர் ஒரு வெறும் எண்முகவரியை எடுத்து, அதன்மீது அம்புக்குறி போட்டு, வன்பொருளின் பதிவேடுகளைத் தொட்டது இந்தச் சலுகையால்தான். அதற்குக் கொடுத்த விலை, ஐநோடின் உறுப்புகளுக்கு ‘ஐ’ அடிக்கோடு, பஃபருக்கு ‘பி’ அடிக்கோடு என்று எங்கும் ஒரு குறி. கம்பைலர்கள் திருந்திவிட்டன. ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் தனி இடம் வந்துவிட்டது. ஆனாலும் லினக்ஸின் ஐநோடில் இன்றும் அந்த ‘ஐ’ அடிக்கோடு இருக்கிறது.

இந்தப் பழக்கம் பரவிய விதத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் பங்குண்டு. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் இந்தக் கெர்னலின் சுமார் 9,000 வரிகளை அச்சிட்டு, விளக்கவுரையோடு மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார். அவர் தேர்ந்தெடுத்த டிரைவர்கள் ஆர்கே, எல்பி, பிசி, கேஎல். அந்த நூல் உலகமெங்கும் நகலெடுக்கப்பட்டுக் கைமாறியது. டிரைவர் என்றால் இப்படித்தான் பெயர் வைப்பது என்று ஒரு தலைமுறை அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஏன் இந்தப் பெயர்கள் குளோபலாக இருந்தே தீர வேண்டும்? நான் இந்தக் கதையின் முதுகெலும்பாகக் கருதுவது இந்தக் கேள்வியைத்தான். ஆறாம் பதிப்பில் கெர்னலைக் கட்ட விரும்புகிறவர் ‘எம்கேகான்ஃப்’ என்ற சிறு நிரலை ஓட்டி, தன் கணினியில் உள்ள கருவிகளின் இரண்டெழுத்துப் பெயர்களை அதற்கு ஊட்டுவார். அது இரண்டு கோப்புகளை எழுதித் தரும். ஒன்றில் இன்டரப்ட் அட்டவணை, இன்னொன்றில் பிளாக் கருவிகளுக்கும் கேரக்டர் கருவிகளுக்குமான இரண்டு பெரிய அட்டவணைகள். அந்த அட்டவணைகளில்தான் ஆர்கேஸ்ட்ராட்டஜி, ஆர்கேடேப் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும். நடுவில் இருக்கிற ஒரு கோப்பு ஓரத்தில் இருக்கிற டிரைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. கூப்பிட வேண்டுமென்றால் பெயர் வெளியே தெரிந்தாக வேண்டும். வெளியே தெரிகிற பெயர் மோதும்.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் இந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது. அதன் மாஸ்டர் கோப்பில் ஒவ்வொரு டிரைவருக்கும் ‘பிரிஃபிக்ஸ்’ என்று ஒரு பத்தியே ஒதுக்கியிருந்தார்கள். அங்கே எழுதிய எழுத்துகளோடு ஓப்பன், குளோஸ், ரீட், ரைட் ஆகியவற்றை ஒட்டி, கெர்னல் கட்டும் கருவி தானே பெயர்களை உண்டாக்கிக்கொள்ளும். டிரைவர் எழுதுகிறவருக்குப் பெயர்ச் சுதந்திரம் கிடையாது. முன்னொட்டைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் அவர் கையில். இரண்டு நிறுவனங்கள் ஒரே முன்னொட்டைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு கருவிகளும் ஒரே கணினியில் சேர்ந்து வாழ முடியாது.

மோதல் நடந்தால் உடனே தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஃபங்ஷன்கள் மோதினால் லிங்க்கர் கத்தும். தொடக்க மதிப்பு கொடுக்காத மாறிகள் மோதினால் பழைய யூனிக்ஸ் லிங்க்கர் சத்தமே போடாது. ஃபோர்ட்ரானின் பொதுத்தொகுதியைப் போல அவற்றை ஒரே இடத்தில் இணைத்துவிட்டு, இரண்டில் பெரிய அளவை எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு டிரைவர் தன் எண்ணிக்கையை வைக்கும் மாறியும் இன்னொரு டிரைவரின் தற்காலிக இடமும் ஒரே நினைவகமாகிவிட்டால், எந்தக் கோப்பைப் படித்தாலும் பிழை தென்படாது. இரண்டு கோப்புகளும் தனித்தனியே சரியானவை. இவ்வகைப் பிழையைத் துரத்துவதைவிடக் கொடுமையான வேலை கெர்னலில் அதிகம் இல்லை. லினக்ஸ் கெர்னல் இந்த இணைப்பை அனுமதிக்க வேண்டாம் என்று ஜிசிசி கம்பைலரிடம் வெகுகாலமாகவே சொல்லிவந்தது. ஜிசிசியே அதைத் தன் இயல்பாக மாற்றிக்கொண்டது 2020இல், பத்தாம் பதிப்பில்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸும் பழைய பாதையிலேயே தொடங்கியது. தொடக்க ஃபங்ஷன் ஹார்ட் டிஸ்க் டிரைவரையும் டெர்மினல் டிரைவரையும் பெயர் சொல்லியே எழுப்பியது. அதே பதிப்பின் அசெம்பிளிக் கோப்பில் 386 செயலியின் பொறிகளுக்கு, அதாவது செயலி தானே எழுப்பும் தடைகளுக்கு, வரிசையாகப் பெயர் வைத்திருந்தார்: ‘டிவைட் எரர்’, ‘டீபக்’, ‘என்எம்ஐ’, ‘ஓவர்ஃப்ளோ’. இன்டெல் கையேட்டில் உள்ள பெயர்கள்தான். அன்றைய சிறிய கெர்னலில் அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ‘டீபக்’ என்ற சொல்லை அந்த முதல் நாளிலேயே கெர்னலின் மையம் எடுத்துக்கொண்டுவிட்டது.

டிரைவர் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் வேண்டிய முதல் மாறி எது? சோதனைச் செய்திகளைத் திறக்கவும் மூடவும் ஒரு கொடி. அதற்கு யாரும் வைக்கிற பெயர் ‘டீபக்’. பெயரை அதன் கோப்புக்குள்ளேயே அடைத்துவைக்கும் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லை முன்னால் போட மறந்தால், இந்தக் கொடியும் செயலியின் ஒன்றாம் எண் பொறியும் ஒரே பெயருக்குச் சண்டை போடும். இதில் ஒளிந்திருக்கிற ஆபத்து வேறொன்று. டிரைவரைத் தனியே ஏற்றும் மாட்யூலாகக் கட்டினால் எல்லாம் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் மாட்யூலின் உள்பெயர்கள் மையத்தின் பெயர்களோடு ஒரே லிங்க்கில் சேர்வதில்லை. அதே டிரைவரை வேறொருவர் கெர்னலோடு சேர்த்தே கட்டும்போதுதான் லிங்க்கர் மறுக்கும். எழுதியவரின் மேசையில் ஒருநாளும் வராத பிழை, முன்பின் தெரியாத இன்னொருவரின் மேசையில் வரும். இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்கவே, எல்லா டிரைவர்களையும் உள்ளே சேர்த்துக் கட்டும் அமைப்பும், கண்டபடி தேர்வுகளை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்க்கும் தானியங்கிகளும் இன்று இரவும் பகலும் ஓடுகின்றன. செயலியின் அந்த ‘டீபக்’ பொறிக்குத் தெளிவான முன்னொட்டு கிடைத்தது 2020இல் வந்த 5.8 பதிப்பில், தாமஸ் கிளெய்க்ஸ்னர் முன்னின்று செய்த நுழைவாயில் நிரலின் மறுசீரமைப்பின்போது. ஒரு சொல்லை விடுவிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.

மாட்யூல்கள் வந்த புதிதில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் டிரைவரை ஏற்றும் வசதி வந்தது. ஏற்றும் கருவி, மாட்யூலில் இருந்த குளோபல் பெயர்கள் அத்தனையையும், கேட்காமலே ஊருக்கெல்லாம் அறிவித்துவிடும். 2.4 பதிப்பிலும், எதை வெளியிட வேண்டும் என்று டிரைவர் சொல்லாவிட்டால் எல்லாம் வெளியே போகும். எதுவும் வேண்டாம் என்பதற்குத் தனியாக ஒரு மேக்ரோ எழுத வேண்டும். இந்த இயல்பு தலைகீழாகத் திருப்பப்பட்டதை நான் பெரிய திருப்பமாகவே நினைக்கிறேன். 2002இல் ரஸ்டி ரஸ்ஸல் மாட்யூல் ஏற்றும் வேலையைக் கெர்னலுக்குள் கொண்டுவந்து மாற்றி எழுதினார். 2.6 வந்தபோது, வெளிப்படையாக ஏற்றுமதி செய்த பெயர் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது.

அதைவிட அடிப்படையான மாற்றம் இதற்குச் சற்று முன்பே நடந்துவிட்டது. டிரைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தையே லினக்ஸ் கைவிட்டது. அதற்கு முன், டொனால்ட் பெக்கர் முதலானோர் எழுதிய ஈதர்நெட் டிரைவர்களைத் தேடும் ‘ஸ்பேஸ்’ என்ற கோப்பில், ஒவ்வொரு கார்டின் புரோப் ஃபங்ஷனும் பெயர் பெயராக அடுக்கப்பட்டிருந்தது. 2.4இல் பரவலான ‘மாட்யூல் இனிட்’ மேக்ரோ, தொடக்க ஃபங்ஷனின் முகவரியை மட்டும் எடுத்து நினைவகத்தின் ஒரு தனிப் பகுதியில் போட்டுவிடுகிறது. கெர்னல் எழும்போது அந்தப் பகுதியில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாக ஓட்டும். பெயர் என்னவென்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. ஓப்பன், ரீட், ரைட் ஆகியவையும் அப்படித்தான்: டிரைவர் ஒரு ஸ்ட்ரக்டில் தன் ஃபங்ஷன்களின் முகவரிகளை நிரப்பிப் பதிவு செய்கிறது. எம்கேகான்ஃப் காலத்தில் நடு அட்டவணையில் இருந்த பெயர்கள் முகவரிகளாகி, டிரைவரின் கையிலிருந்தே வருகின்றன. ஒரே கோப்பில் முடிகிற டிரைவர் ஒன்று, வெளியே ஒரு பெயர்கூடத் தெரியாமல், எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக வைத்துக்கொண்டு முழு வேலையும் செய்ய முடியும் என்றானது. பெயர்களை எப்படிப் பிரிப்பது என்று இருபத்தைந்து ஆண்டுகள் யோசித்தார்கள். வெளியே பெயரே வேண்டாம் என்ற ஏற்பாடுதான் பெரும்பகுதிச் சிக்கலைத் தீர்த்தது.

குளோபல் மாறிகளின் எண்ணிக்கையும் அதே காலத்தில் சரிந்தது; காரணம் வேறு. ஐஆர்க்யூ எண்ணையும் போர்ட் முகவரியையும் குளோபல் மாறியில் வைத்திருக்கும் டிரைவரால் ஒரே ஒரு கார்டைத்தான் ஆள முடியும். இரண்டாவது கார்டைச் செருகினால் அது முதலாவதன் எண்களை அழித்துவிடும். பிசிஐ வந்து, ஒரே வகைக் கார்டு இரண்டு மூன்று என்று செருகுவது வழக்கமானபோது, ஒவ்வொரு கருவிக்கும் நினைவகத்தில் தனி ஸ்ட்ரக்ட் எடுத்து, அதன் முகவரியைக் கருவியோடு கட்டிவைப்பது முறையாயிற்று.

மிச்சமிருந்த பழைய கோப்புகளைத் துடைக்க மனிதர்கள் உட்கார்ந்தார்கள். 2003இல் டோர்வால்ட்ஸ் தொடங்கிய ‘ஸ்பார்ஸ்’ என்ற சோதனைக் கருவி, எந்தத் தலைப்புக் கோப்பிலும் அறிவிக்கப்படாத குளோபல் பெயரைப் பார்த்தால், இது ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டாமா என்று கேட்கும். கீத் ஓவன்ஸ் கெர்னல் முழுவதன் பெயர்களையும் அலசும் பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்றைத் தந்தார். ஏட்ரியன் பங்க் அனுப்பிய திருத்தங்களில் தேவையில்லாமல் குளோபலாக இருந்தவற்றை ஸ்டாட்டிக் ஆக்கியவை ஏராளம். ஒரு திருத்தம் என்பது சில நேரம் ஒரே ஒரு சொல்லைச் சேர்ப்பது. இத்தகைய வேலைக்குப் புகழ் கிடைப்பதில்லை. ஆனால் நாம் இன்று பயன்படுத்தும் கெர்னல் இந்த உழைப்பின்மேல் நிற்கிறது.

ஸ்டாட்டிக் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. மேக்ரோக்கள் அதற்குக் கட்டுப்படாது: ‘கரன்ட்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால், கெர்னலில் அது இப்போது ஓடும் பணியைத் தரும் மேக்ரோ என்பதால், நிரல் விபரீதமாக விரியும். டிரைவர் பல கோப்புகளாக வளர்ந்தால் கோப்புகளுக்கிடையே பெயர்கள் குளோபலாகத்தான் வேண்டும். இன்டெல்லின் ‘இ1000’ நெட்வொர்க் டிரைவர் நல்ல எடுத்துக்காட்டு. அதிலிருந்து புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் சிப்களுக்காகப் பிரிந்து, 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில் ‘இ1000இ’ என்ற தனி டிரைவர் வந்தது. ஒரே தாயின் நிரல் என்பதால் இரண்டிலும் ஒரே பெயர்கள். இரண்டையும் சேர்த்து ஒரே கெர்னலில் கட்ட வேண்டும் என்பதால், புதியதன் குளோபல் ஃபங்ஷன்கள் ‘இ1000இ’ முன்னொட்டுக்கு மாறின. ‘இ1000 புரோப்’ போன்ற ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய கட்டாயம் லிங்க்கரிடமிருந்து வரவில்லை.

2019இல், 5.4 பதிப்பில், கூகுளின் மத்தியாஸ் மேனிக் கொண்டுவந்த ‘நேம்ஸ்பேஸ்’ வசதி சேர்ந்தது. ஆண்டி கிளீன் 2007லேயே இதுபோன்ற ஒன்றை முன்வைத்திருந்தார். ஏற்றுமதி செய்யும் பெயருக்கு ஒரு குழுப்பெயர் இடலாம். அந்தக் குழுவை இறக்குமதி செய்வதாக அறிவிக்கும் மாட்யூலே அதைத் தொட வேண்டும். முதலில் இதைப் பயன்படுத்தியது யுஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவர். சி++ தெரிந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும், இனி இரண்டு குழுக்களில் ஒரே பெயரை வைக்கலாம் என்று எண்ணிக்கொள்வார்கள். அப்படி இல்லை. யார் எதைப் பயன்படுத்தலாம் என்ற எல்லையை இது வகுக்கிறது. பெயர்ப் பட்டியல் இன்னும் ஒன்றுதான். வேறு குழுவில் இருந்தாலும் ஒரே பெயரை இரண்டு முறை ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே முன்னொட்டின் வேலையை நேம்ஸ்பேஸ் எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டாட்டிக் பெயர்களுக்கும் முன்னொட்டு வேண்டுமா என்ற கேள்விக்கு, ஓடும் கெர்னலைத் திருத்தும் ‘லைவ்பேட்ச்’ வந்த பிறகு பதில் கூர்மையாயிற்று. கெர்னல் விழும்போது திரையில் வருவது ஃபங்ஷன்களின் பெயர்கள். அவற்றைக் காட்டக் கெர்னல் வைத்திருக்கும் பட்டியலில் ஸ்டாட்டிக் பெயர்களும் அடக்கம், ஒரே பெயர் பல முறை இருக்கவும் செய்யும். இ1000ஐயும் இ1000இயையும் சேர்த்துக் கட்டிய கெர்னலில் ‘இ1000 புரோப்’ இரண்டு இருக்கும். பழைய ஃபங்ஷனைப் பெயரால் தேடிப் பிடித்து மாற்றும் லைவ்பேட்ச் 2015இல் 4.0 பதிப்பில் சேர்ந்தது. இந்த இரட்டைப் பெயர்களால் அது தடுமாறியதால், 2016இல் வந்த 4.5 பதிப்பில் பெயரோடு ஒரு வரிசை எண்ணையும் கொடுக்கும் வழி சேர்க்கப்பட்டது: இந்தப் பெயரில் எத்தனையாவது ஃபங்ஷன் என்பதைத் திருத்தம் எழுதுகிறவர் சொல்ல வேண்டும். முன்னொட்டு தனித்திருந்தால் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டால் போதும்.